வீடும் விஞ்ஞானமும்: சாவிக்குள் ஒரு சிறு பாட்டரி

பெரியதாழையிலிருந்து வாசகச் சகோதரி ஒருவர் எழுதியுள்ளார். கடல் கடந்து பணிபுரியும் அவருடைய கணவர், விடுமுறையில் வந்திருந்தபோது ஒரு கார் வாங்கி வீட்டில் விட்டுச் சென்றிருக்கிறார். வயோதிகரான மாமனாரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லவும், திருச்செந்தூர், தூத்துக்குடி என்று அலுவலாகச் சென்று வரவும் அந்தக் கார் பேருதவியாக இருக்கிறது. அண்மைக் காலமாக அதன் ரிமோட் சாவி அடம்பிடிக்கிறதாம். முன்பு வீட்டுத் திண்ணையில் நின்று பொத்தானை அழுத்தினாலே கதவு திறந்துகொள்ளும். இப்பொழுதோ காரின் அருகில் சென்று மூன்று நான்கு முறை அழுத்த வேண்டியிருக்கிறது. “சாவியையே புதிதாக மாற்ற வேண்டும், பல ஆயிரம் ரூபாய் ஆகும் என்று ஒருவர் கூறுகிறார். உண்மைதானா?” என்று கேட்கிறார் சகோதரி.

அவசரப்பட வேண்டாம், சகோதரி. நீங்கள் கூறும் அடையாளங்களைப் பார்த்தால், பழுது சாவியில் இல்லை. சாவிக்குள் இருக்கும் சிறு பாட்டரி தளர்ந்துவிட்டது என்றே கொள்ள வேண்டும். அதை மாற்றுவது எளிது. ஆகும் செலவும் புதுச் சாவியின் விலையோடு ஒப்பிட்டால் மிக அற்பம். ஆயினும் இந்தச் சிறு பாட்டரியைப் பற்றி நீங்கள் கேளாத கேள்வி ஒன்றும் உண்டு. கேட்ட கேள்வியைக் காட்டிலும் அதுவே முக்கியமானது. ஆகவே இக்கட்டுரையை இறுதிவரை படிக்குமாறு வேண்டுகிறோம். கார் இல்லாத வீட்டாருக்கும் இது பொருந்தும்.

சாவி எவ்வாறு பேசுகிறது?

ரிமோட் சாவி என்பது உண்மையில் ஒரு சிறிய வானொலி நிலையம். பொத்தானை அழுத்தியதும் அது ஒரு மறைமொழியை வானொலி அலையாக அனுப்புகிறது. பல கார்களில் இந்த அலை 433 மெகாஹெர்ட்ஸ் அளவில் அமைந்திருக்கும். அந்த மறைமொழி ஒவ்வொரு முறையும் மாறிக்கொண்டே இருக்கும். இன்று அனுப்பியதைத் திருடன் ஒருவன் பதிவு செய்து வைத்துக்கொண்டாலும், நாளை அது அவனுக்குப் பயன்படாமற் போகவேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

இப்பேச்சுக்கு வேண்டிய மின்சாரத்தை வழங்குவது நாணயம் போன்ற வட்டப் பாட்டரி. அதன்மேல் ‘சி.ஆர். 2032’ என்பது போன்ற குறி பொறிக்கப்பட்டிருக்கும். ‘சி’ என்பது அது லித்தியமும் மாங்கனீஸ் டை ஆக்ஸைடும் கொண்டது என்பதைக் குறிக்கும். ‘ஆர்’ என்பது வட்ட வடிவத்தை. 20 என்பது குறுக்களவு 20 மில்லிமீட்டர் என்பதையும், 32 என்பது கனம் 3.2 மில்லிமீட்டர் என்பதையும் சொல்லும். ஏறக்குறைய நமது ஒரு ரூபாய் நாணயத்தின் அகலம். ஆனால் அதைவிடத் தடிமன். 2025, 2016, 1632 என்னும் குறிகள் கொண்டவையும் உண்டு. இவை அனைத்தும் தருவது 3 வோல்ட் மின்னழுத்தமே.

சாவிக்குள் இன்னொரு சிறு சில்லும் இருக்கிறது. எஞ்சினைக் கிளப்ப வந்திருப்பவர் உரியவர்தாமா என்று கார் விசாரிக்கும்போது பதில் சொல்வது இந்தச் சில்லுதான். இதற்குப் பாட்டரி தேவையில்லை. காரிலிருந்து வரும் மின்காந்த அலையிலிருந்தே தனக்கு வேண்டிய சக்தியை இது பெற்றுக்கொள்கிறது. ஆகையால் பாட்டரி முற்றிலும் ஓய்ந்தாலும் கார் நம்மைக் கைவிட்டுவிடுவதில்லை. இவ்வுண்மையை அறிந்திருந்தால் நடு இரவிலும் பதற்றம் கொள்ள நேராது.

தளர்ச்சியின் அடையாளங்கள்

பாட்டரி தளரும்போது முதலில் தூரம் குறையும். பிறகு பலமுறை அழுத்த வேண்டிவரும். சாவியில் சிறு விளக்கு இருந்தால் அதன் ஒளி மங்கும். சில கார்களில் முகப்புப் பலகையிலேயே எச்சரிக்கை தோன்றும். பொதுவாக இத்தகைய பாட்டரி இரண்டு முதல் நான்கு ஆண்டுகள்வரை உழைக்கும். பொத்தானை அழுத்தாமலே, சாவி அருகில் வந்தாலே கதவு திறக்கும் வகைக் கார்களில், சாவியை எப்பொழுதும் காரின் அருகிலேயே மாட்டி வைத்தால் இரண்டும் ஓயாமல் உரையாடிக்கொண்டிருக்கும்; பாட்டரி விரைவில் தேயும். காரிலிருந்து சற்று எட்டிச் சாவியை வைப்பதே நன்று.

பழுது பாட்டரியில்தானா என்று கண்டறிய எளிய வழி ஒன்று உண்டு. கார் வாங்கும்போது கொடுத்த இரண்டாவது சாவியை எடுத்து அழுத்திப் பாருங்கள். அது உடனே வேலை செய்தால், குறை முதற்சாவியின் பாட்டரியில்தான். இரண்டுமே வேலை செய்யாவிட்டால், காரின் பெரிய பாட்டரியைப் பரிசோதிக்க வேண்டும்.

மாற்றும் முறை

காருடன் தரப்பட்ட கையேட்டில் பாட்டரியின் எண்ணும் சாவியைப் பிரிக்கும் முறையும் குறிக்கப்பட்டிருக்கும். கையேடு இல்லையெனில், பழைய பாட்டரியை எடுத்து அதன் எண்ணைப் பார்த்து அதே எண்ணுடையதை வாங்குங்கள். 2032-க்குப் பதிலாக 2016-ஐ இட்டால் அது தளர்ந்து ஆடும், மின்தொடர்பு அறுபடும். உறையின்றி உதிரியாக விற்பனையாவதை வாங்க வேண்டாம். உறையின்மேல் உள்ள காலவரம்பைப் பார்த்து வாங்குங்கள்.

சாவியின் பக்கவாட்டில் ஒரு சிறு பள்ளம் இருக்கும். அதில் மெல்லிய தகட்டையோ, தட்டையான திருப்புளியையோ துணி சுற்றி வைத்து மெதுவாகத் திருப்பினால் மூடி பிரியும். அரிவாள்மணையும் மீன் வெட்டும் கத்தியும் இதற்கு ஆகா. பழைய பாட்டரியின் எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று கவனித்து, ‘கூட்டல்’ குறி அதே திசையில் இருக்குமாறு புதியதை வைக்க வேண்டும். விரலில் வியர்வையோ எண்ணெயோ இருந்தால் துடைத்துவிட்டு, பாட்டரியின் விளிம்பைப் பிடித்தே கையாளுங்கள். மூடியை அழுத்தினால் ‘டிக்’ என்ற ஒலியுடன் பொருந்திக்கொள்ளும்.

புதிய பாட்டரி இட்ட பின்னும் சாவி பேசவில்லையா? குழந்தைகள் வாயில் இட்டால் உடனே துப்பிவிட வேண்டும் என்பதற்காகச் சில நிறுவனங்கள் பாட்டரியின்மேல் கடுங்கசப்புப் பூச்சு ஒன்றைத் தடவுகின்றன. நல்ல நோக்கந்தான், ஆயினும் சில கருவிகளில் அப்பூச்சு மின்தொடர்பைத் தடுத்துவிடும். அந்நிலையில் பூச்சில்லாத வேறொன்றை இட்டுப் பார்க்கலாம். சில கார்களில், பாட்டரியை மாற்றிய பின் சாவியைக் காரின் அருகில் வைத்து ஒருமுறை எஞ்சினைக் கிளப்பினால்தான் பழைய உறவு புதுப்பிக்கப்படும். இதையும் கையேடு கூறும்.

நடுவழியில் நின்றால்

பாட்டரி ஓய்ந்து, கதவு திறக்காமல் இருளில் நிற்க நேர்ந்தால் என்ன செய்வது? பொத்தான் சாவிகள் பலவற்றின் உள்ளே மெல்லிய உலோகச் சாவி ஒன்று ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது. பக்கத்திலுள்ள சிறு விசையைத் தள்ளி இழுத்தால் அது வெளிவரும். ஓட்டுநர் பக்கக் கதவில் அதைச் செருகித் திறக்கலாம். எச்சரிக்கை ஒலி எழுந்தால் அஞ்ச வேண்டாம். உள்ளே அமர்ந்து, எஞ்சினைக் கிளப்பும் பொத்தானின்மீது ரிமோட் சாவியை ஒட்டி வைத்து அழுத்தினால், பாட்டரி தேவையில்லாத சில்லு விழித்து விடைகூறும், கார் கிளம்பும். சில கார்களில் சாவியை வைக்க வேண்டிய இடம் வேறாக இருக்கலாம். அதை இன்றே கையேட்டில் பார்த்து, வீட்டில் கார் ஓட்டுபவர் அனைவரும் ஒருமுறை பழகிக்கொள்வது நல்லது.

உப்புக் காற்றும் கடல்நீரும்

நம் கடற்கரைக்கே உரிய தொல்லை ஒன்றும் உண்டு. கச்சான் வீசும் மாதங்களில் உப்பு ஈரமும் நுண்மணலும் சன்னல் கம்பி முதல் தையல் எந்திரம் வரை எதையும் விட்டுவைப்பதில்லை. சாவியின் உள்ளே பாட்டரியைத் தாங்கும் மெல்லிய உலோக நாக்குகளிலும் அவை பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்து மின்தொடர்பைக் கெடுக்கும். மூடியைத் திறந்த கையோடு, உலர்ந்த மென்துணியால் அந்த நாக்குகளைத் துடைத்துவிடுங்கள்.

மடியில் சாவியுடன் வள்ளம் தள்ள இறங்கி, சாவி கடல்நீரில் நனைந்துவிட்டால் ஒரு நொடியும் தாமதிக்கலாகாது. முதற்காரியமாகப் பாட்டரியைக் கழற்றுங்கள். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். பாட்டரி உள்ளே இருக்கும்வரை அந்நீர் சாவியின் மின்சுற்றை அரித்துக்கொண்டே இருக்கும். பாட்டரியை நீக்கிய பின் சாவியின் உட்பகுதியை நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் ஓரிரு நாள் உலர்த்தி, புதிய பாட்டரி இட்டுப் பார்க்கலாம்.

உப்புநீரும் உலோகமும் சேர்ந்தால் மின்சாரம் தொழில் புரியும் என்பது இன்று நேற்று அறியப்பட்டதன்று. இத்தாலிய விஞ்ஞானி அலெஸ்ஸாண்ட்ரோ வோல்டா 1800-ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்த முதல் பாட்டரியே, வெள்ளித் தகடுகளையும் துத்தநாகத் தகடுகளையும் மாறி மாறி அடுக்கி, இடையிடையே உப்புநீரில் நனைத்த அட்டைகளை வைத்து அமைக்கப்பட்டதுதான். இதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். மேலே கூறப்போகும் செய்தி முழுவதும் இதிலேயே அடங்கியிருக்கிறது.

ஓய்ந்த பாட்டரி உறங்குவதில்லை

சகோதரி கேளாத கேள்விக்கு இப்பொழுது வருவோம். சாவியிலிருந்து கழற்றிய பழைய பாட்டரி எங்கே போகிறது?

பெரும்பாலான வீடுகளில் அது சன்னல் விளிம்பிலோ, மேசை இழுப்பறையிலோ, தொலைக்காட்சிப் பெட்டியின் மேலோ வைக்கப்படும். ‘செத்துப்போன பாட்டரிதானே, யாரை என்ன செய்யும்?’ என்பது நம் எண்ணம். இந்த எண்ணமே ஆபத்தானது. சாவியை இயக்க இயலாத பாட்டரி செத்த பாட்டரியன்று. வானொலி அலையை அனுப்புவதற்கு ஒரு நொடிக்குள் திடீரென்று மிகுதியான மின்னோட்டம் வேண்டும். வயதான பாட்டரியால் அந்தத் திடீர் உழைப்பைத் தர இயலாது. ஆனால் மெல்ல மெல்ல மின்சாரம் வழங்கும் ஆற்றல் அதனிடம் இன்னும் எஞ்சியிருக்கும். அதன் மின்னழுத்தத்தை அளந்து பார்த்தால் இரண்டரை வோல்ட்டுக்கு மேலும் காட்டக்கூடும். சாவிக்கு அது போதாது. ஒரு குழந்தையின் உணவுக்குழாயைச் சுட்டெரிக்கப் போதும்.

மின்னும் வட்டப்பொருளைக் கண்டால் தவழும் குழந்தை வாயில் இடும். 20 மில்லிமீட்டர் அகலமுள்ள பாட்டரி பெரியவர்களின் உணவுக்குழாயில் இறங்கிவிடலாம். சிறு குழந்தையின் உணவுக்குழாயிலோ சிக்கி நிற்கும். இருபுறமும் ஈரமான தசை அதைத் தழுவிக்கொள்ளும். உமிழ்நீரும் ஒருவகை உப்புநீரே. வோல்டா அட்டையில் நனைத்து வைத்த அதே உப்புநீரின் தொழிலை இங்கு உமிழ்நீர் செய்கிறது. மின்சாரம் ஓடத் தொடங்கும். பாட்டரியின் எதிர்முனை தொடும் இடத்தில், துணி வெளுக்கும் காரத்தை ஒத்த கடுங்காரம் உற்பத்தியாகும். பாட்டரி உடைய வேண்டியதில்லை. ஒழுக வேண்டியதும் இல்லை. கால் மணி நேரத்திலேயே தசை வேகத் தொடங்கும். இரண்டு மணி நேரத்திற்குள் ஆழ்ந்த புண் உண்டாகிவிடும். பாட்டரியை அகற்றிய பின்னும் புண் உள்ளே பரவி, மூச்சுக்குழாயையோ பெரிய இரத்தக் குழாயையோ துளைத்த சம்பவங்கள் உண்டு. மூக்கிலோ காதிலோ செருகிக்கொண்டாலும் இதே கேடுதான்.

அமெரிக்காவின் டெக்ஸஸ் மாநிலத்தில் ரீஸ் என்னும் ஒன்றரை வயதுச் சிறுமி 2020-ஆம் ஆண்டில் நோயுற்றாள். குழந்தைகளுக்கு வழக்கமாக வரும் தொண்டை வீக்கம் என்றே முதலில் கருதப்பட்டது. பிறகுதான், வீட்டிலிருந்த ரிமோட் ஒன்றில் பட்டன் பாட்டரி காணாமற் போயிருப்பதைப் பெற்றோர் கண்டனர். பல நாள் சிகிச்சைக்குப் பின் அவ்வாண்டு டிசம்பரில் குழந்தை இறந்தாள். அத்தாய் தம் துயரத்தோடு ஒதுங்கிவிடவில்லை. அவர் இடையறாது முயன்றதன் பயனாக 2022 ஆகஸ்டில் அந்நாட்டில் ‘ரீஸ் சட்டம்’ நிறைவேறியது. வீட்டுப் பொருள்களில் பட்டன் பாட்டரி உள்ள அறையைக் குழந்தையின் கை எளிதில் திறக்காதவாறு அமைக்க வேண்டும் என்றும், பாட்டரிகளைக் குழந்தைகள் பிரிக்க இயலாத உறையில் விற்க வேண்டும் என்றும் அச்சட்டம் விதிக்கிறது.

கார்ச் சாவியோ திருகாணி இன்றி நகத்தின் பலத்திலேயே பிரியும் வண்ணம் அமைந்திருப்பதுண்டு. நம் வீடுகளில் குழந்தை அழுதால் முதலில் கையில் கொடுப்பது எதை? கிலுகிலுக்கும் சாவிக் கொத்தைத்தான். இனி அவ்வழக்கம் வேண்டாம். கார் இல்லாதவர்களும் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். சர்க்கரை நோயைச் சோதிக்கும் கருவி, எடை பார்க்கும் கருவி, பாடும் வாழ்த்து அட்டை, ஒளிரும் விளையாட்டுப் பொருள், கிறிஸ்து பிறப்பு விழாவுக்குக் குடிலில் வைக்கும் பாட்டரி மெழுகுவர்த்தி – இவற்றில் பலவற்றுள்ளும் இதே வட்டப் பாட்டரி இருக்கிறது.

விழுங்கிவிட்டால்

குழந்தை விழுங்கியதை யாரும் பார்த்திருக்க வேண்டும் என்பதில்லை. திடீரென்று உணவை மறுத்தல், எச்சில் வடிதல், இருமல், வாந்தி, நெஞ்சைப் பிடித்து அழுதல், மூச்சில் இரைச்சல் ஆகியவை அறிகுறிகள். சில குழந்தைகளிடம் தொடக்கத்தில் எந்த அறிகுறியும் தோன்றாது. வீட்டில் ஒரு பாட்டரி காணவில்லை என்றால், நற்செய்தியில் வரும் பெண் தொலைந்த திராக்மாவைத் தேடியதுபோல் விளக்கேற்றி, வீட்டைப் பெருக்கித் தேட வேண்டியதே. ஆனால் குழந்தையிடம் சிறிதேனும் அறிகுறி இருந்தால், தேடிக்கொண்டு நிற்காமல் உடனே புறப்பட வேண்டும்.

வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். வாழைப்பழமோ சோற்று உருண்டையோ கொடுத்து உள்ளே தள்ள முயலாதீர்கள். ‘மலத்தோடு வந்துவிடும்’ என்று மறுநாள்வரை காத்திருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள், கிடைக்கும் வண்டியில் ஏறுங்கள். பெரியதாழையிலிருந்து தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனையைச் சேர ஒரு மணி நேரத்திற்கு மேல் ஆகும். புண் ஆழமாவதற்கு ஆகும் நேரமோ இரண்டு மணி. ஆகவே பாட்டி வைத்தியத்திற்கும் பக்கத்து வீட்டு யோசனைக்கும் செலவிட நமக்கு நேரம் இல்லை.

குழந்தைக்கு ஒரு வயது நிறைந்து, விழுங்கிப் பன்னிரண்டு மணி நேரத்திற்கு உட்பட்டிருந்து, அது விழுங்கக்கூடிய நிலையிலும் இருந்தால், போகும் வழியில் தேன் கொடுக்கலாம். இரண்டு தேக்கரண்டி, அதாவது 10 மில்லிலிட்டர் அளவு, பத்து நிமிடங்களுக்கு ஒருமுறை, ஆறு முறைக்கு மேற்படாமல். தேன் பாட்டரியின்மேல் படிந்து காரத்தின் வேகத்தைத் தணிப்பதை அமெரிக்க மருத்துவர்கள் ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டனர். ஆயினும் தேன் மருத்துவமன்று. புண்ணைச் சற்றே தாமதப்படுத்தும் உதவி மட்டுமே. தேனைத் தேடி அடுத்த தெருவுக்கு ஓடுவதற்குள் வண்டி புறப்பட்டிருக்க வேண்டும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. வேறு உணவோ நீரோ எவருக்கும் வேண்டாம்.

மருத்துவமனையின் வாயிலிலேயே “பட்டன் பாட்டரி விழுங்கியிருக்கலாம், உடனே எக்ஸ்ரே எடுங்கள்” என்று உரத்துச் சொல்லுங்கள். எக்ஸ்ரே படத்தில் பாட்டரி நாணயம்போலவே தோன்றும்; விளிம்பில் இரட்டை வளையம் தெரிவதைக் கொண்டே மருத்துவர் வேறுபடுத்துவார். பாட்டரியின் உறையோ அதே வகைப் பாட்டரியோ இருந்தால் கையோடு கொண்டு செல்லுங்கள்.

எங்கே போடுவது?

பழைய பாட்டரியைக் கழற்றிய அதே நிமிடத்தில் அதன் இரு முகங்களையும் மூடுமாறு ஒட்டும் நாடாவைச் சுற்றுங்கள். பல பாட்டரிகளை வெறுமனே ஒன்றாகப் போட்டால் ஒன்றையொன்று தொட்டுச் சூடேறித் தீப்பற்றவும் கூடும். நாடா சுற்றியதை இறுகிய மூடியுள்ள புட்டியில் இட்டு, குழந்தை எட்டாத உயரத்தில் வையுங்கள். அடுப்பிலோ குப்பை எரிக்கும் இடத்திலோ போடாதீர்கள். லித்தியம் வெடித்து எரியும். கடலிலும் எறியாதீர்கள். நமக்குச் சோறிடும் கடல் அது.

மத்திய அரசு 2022 ஆகஸ்டில் வெளியிட்ட பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, விற்ற பாட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பு தயாரிப்பாளரைச் சேர்ந்தது. எனவே தூத்துக்குடிக்கோ திருநெல்வேலிக்கோ செல்லும்போது புட்டியைக் கையோடு கொண்டுபோய், மின்னணுக் கழிவு பெறும் நிலையத்திலோ, பெற்றுக்கொள்ளும் கார் பழுதுபார்க்கும் நிலையத்திலோ ஒப்படைக்கலாம்.

சகோதரி, உங்கள் சாவிக்குப் புதிய பாட்டரி இட்ட தேதியை நாள்காட்டியில் குறித்து வையுங்கள். இரண்டு ஆண்டு கழித்து மாற்றிவிட்டால் நடுவழித் தொல்லை நேராது. புதியதைப் போட்டுச் சாவியை மூடும் முன்பே பழையது எங்கே என்று கண்ணால் பாருங்கள். அது நாடா சுற்றிப் புட்டிக்குள் சேர்ந்த பிறகே உங்கள் வேலை முடிந்ததாகக் கொள்ளுங்கள்.